கிள்ளானுக்கு இரவல் போன மாஸ்டர்

1

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறப்போட்டு எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை. இனிமேல் ஆறும் என்றும் தோன்றவில்லை.

ஊரிலிருந்து இந்தக் குறிப்புகளை வாசிப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, கோலாலம்பூரில் நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நடந்தால் நாலு கடைக்கு ஒரு வாழையிலைக் கடை. தோசை, வடை, மூன்று காய், ரசம், அப்பளம், எல்லாம் கிடைக்கும். காலையில் எட்டு மணிக்கு அந்தத் தெருவில் வரும் சாம்பார் வாசனையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டே எழுந்து வந்து நிற்கும். அதைப் பற்றி நானே முன்பு உருகி உருகி எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப் படித்தால் எரிச்சலாக இருக்கிறது. தோசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவள், அதைச் சுட்டவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அவர் பெயர் கதிரேசன். அறந்தாங்கிப் பக்கம். வயது முப்பத்தி நாலு. எங்கள் தெருவில் தேவராஜ் அண்ணன் கடையில் தோசை மாஸ்டர். இப்போது அந்தக் கடையில் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

2

நான் டீச்சர் வேலைக்குப் படித்தவள் இல்லை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர். விமானம் ஏறி இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. என் பாஸ்போர்ட்டில் இங்கே குத்தியிருக்கும் ‘பாஸ்’ என்ற அனுமதியின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சமூக வருகை’ என்று வரும். அதாவது இருபத்திரண்டு வருடமாக நான் வந்து போகிற விருந்தாளி. இங்கே ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, காலேஜுக்கும் அனுப்பிவிட்டேன். ஆனாலும் அந்த முத்திரை தீரும்போதெல்லாம் கணவர் கூடவே வந்து, இவளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த முத்திரை. தனியாக அனுமதி வாங்காமல் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த அனுமதிக்கு இரண்டு முறை அலைந்தேன். ஒரு முறை ஃபாரம் தப்பு, இன்னொரு முறை போட்டோ தப்பு. விட்டுவிட்டேன்.

அதனால் சும்மா சொல்லிக் கொடுக்கிறேன். செவ்வாய், வியாழன், மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை. சாப்பாட்டுக் கடைகளில் மதியக் கூட்டம் போய் மாலை டிபன் தொடங்கும் வரை ஆட்களுக்குக் கிடைக்கும் இடைவேளை அது. தேவராஜ் அண்ணன்தான் தன் கடையின் மாடி அறையைக் கொடுத்தார். அரிசி மூட்டை, எண்ணெய் டின், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பலகை. மாணவர்கள் ஏழு பேர். எல்லாரும் ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்து அவர் கடையில் வேலை பார்ப்பவர்கள். ஆர்டர் எடுக்கவும், பஸ்ஸில் வழி கேட்கவும், கிளினிக்கில் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் ஆங்கிலம் வேண்டும் என்று வந்தார்கள்.

தேவராஜ் அண்ணனை முதலிலேயே வில்லனாக நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர். என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கோயில் திருவிழாவுக்கு அவர் கடை அன்னதானம்தான் முதலில் காலியாகும். நல்ல மனிதர்கள்மீது கோபப்படுவதுதான் ரொம்பக் கஷ்டம்.

3

மூன்று மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை லெண்ட், பாரோ என்ற இரண்டு சொற்களை எடுத்தேன்.

இந்த ஊரில் அந்த இரண்டும் படும் பாடு கொஞ்சமல்ல. கடையில், ஆபீசில், பள்ளிக்கூடத்தில், யாரைக் கேட்டாலும் ‘பாரோ மீ யுவர் பென்’ என்பார்கள். மலாயில் பின்ஜாம் என்ற ஒரே சொல் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பொதுவாக ஓடுகிறது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது. என் மகள் யாழினிக்கு வயது பத்தொன்பது, ஷா ஆலமில் படிக்கிறாள். “மா, பாரோ மீ யுவர் சார்ஜர் லா” என்பாள். அந்த லா இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்ட வால். திருத்தினால், “அண்டர்ஸ்டாண்ட் ஆச்சுல்ல?” என்று போய்விடுவாள். தமிழிலும் நமக்கு இரவல் என்று ஒரே சொல்தான் என்றாலும், கொடுத்தேன், வாங்கினேன் என்று பின்னால் ஒன்றைச் சேர்த்து ஆளைக் காட்டிவிடுகிறோம்.

பலகையில் இரண்டு கை வரைந்தேன். நடுவில் ஒரு குடை. குடை ஒன்றுதான், போகிற திசையும் ஒன்றுதான். கொடுக்கிற கையின் பக்கம் நின்று சொன்னால் லெண்ட். வாங்குகிற கையின் பக்கம் நின்று சொன்னால் பாரோ. லெண்டுக்குப் பின்னால் யாருக்கு என்பதையும் எதை என்பதையும் அடுத்தடுத்து வைக்கலாம். பாரோவுக்குப் பின்னால் பொருள் மட்டும் வரும், யாரிடமிருந்து என்று சொல்ல ஃப்ரம் என்ற சொல் வேண்டும். லெண்ட் இறந்த காலத்தில் கடைசி எழுத்து மாறும், பாரோ வாலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: பொருள் திரும்பி வர வேண்டும். திரும்பி வராது என்றால் அதற்கு வேறு சொல்.

ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். அருள் என்பவர் டீ கலக்குகிறவர். கூட்டத்தில் சுட்டி. ஊரில் நண்பனிடம் பைக் இரவல் வாங்கிய கதையைச் சொன்னார். இன்னொருவர் செருப்பு. கதிரேசன் எழுந்து நின்றார். அவர் எப்போதும் எழுந்து நின்றுதான் பேசுவார், உட்காருங்கள் என்றாலும் கேட்க மாட்டார்.

“மை பாஸ் லெண்ட் மீ டு த கிள்ளான் ஷாப்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘வெரி குட்’ என்றேன். காலம் சரி, ஆள் சரி, திசை சரி. அன்றைக்குப் பிழையில்லாத வாக்கியம் அது ஒன்றுதான் என்று சொல்லி, நோட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனேன்.

அது வாக்கியம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நடந்ததைச் சொன்னார்.

4

கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளானில் தேவராஜ் அண்ணனின் மச்சான் ஒரு கடை வைத்திருக்கிறார். அங்கே ஆர்டர் அதிகமானால் இங்கே போன் வரும். “ஒரு மாஸ்டரை அனுப்பி வை மாமா, ரெண்டு நாள்ல அனுப்பிடுறேன்.” கடை வேன் வரும். மாவு கிரைண்டரும் கதிரேசனும் ஒன்றாக ஏறிப் போவார்கள். பல சமயம் கிரைண்டர் முதலில் திரும்பி வரும். கிள்ளானிலிருந்து ஆள் இங்கே வருவதும் உண்டு. எங்கள் தெருவில் மட்டும் நடக்கும் பழக்கம் என்று நினைக்காதீர்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள் கடை வைத்திருக்கும் இடமெல்லாம் இது சகஜம். யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை. ஒத்தாசை என்று நினைக்கிறார்கள்.

ஆனால் கதிரேசனின் பெர்மிட்டில் எழுதியிருப்பது ஒரே ஒரு முகவரி. பிரிக்பீல்ட்ஸ் கடை. வேறு எங்கே கரண்டி பிடித்தாலும் அது குற்றம். பிடிபடுவது கரண்டி பிடித்த கை.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அது போகும். அதன் கழுத்தில் அப்பா பெயரை வெட்டியிருந்தார்கள், மாறிப் போகாமல் இருக்க. திருப்பித் தருகிறவர்கள் வெறும் அண்டாவாகத் தர மாட்டார்கள். உள்ளே நாலு வாழைப்பழம், ஒரு பிடி சர்க்கரை, ஏதாவது இருக்கும். இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது நம் பண்பாடு, அழகான பண்பாடு. கிள்ளான் மச்சானும் பண்பாடு தெரிந்தவர்தான். ஒவ்வொரு முறையும் கதிரேசனைத் திருப்பி அனுப்பும்போது கையில் ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்துவிடுவார். அதைக் கதிரேசன் வகுப்புக்கு எடுத்து வருவார். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

எனக்குத் தெரியாது என்று தப்பிக்க வழியில்லை. வருகைப் பதிவேட்டில் யார் ஏன் வரவில்லை என்று எழுதுவேன். ‘கதிரேசன், கிள்ளான்’ என்று என் கையெழுத்திலேயே பதினோரு இடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் பெயரோடும் சில இடத்தில் இருக்கிறது. காய்ச்சல் என்று எழுதுகிற மாதிரி கிள்ளான் என்று எழுதியிருக்கிறேன்.

நம் சனங்கள் பெண்ணைக்கூடக் கொடுத்தோம், எடுத்தோம் என்றுதானே பேசுகிறார்கள். ‘எங்க பொண்ண மலேசியால குடுத்திருக்கோம்’ என்று என் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். ஆளைக் கொடுப்பதும் வாங்குவதும் நம் வாயில் அவ்வளவு சாதாரணமாக வருகிறது. அதனால்தான் அன்றைக்கு அந்த வாக்கியம் என் காதில் உறுத்தவில்லையோ என்னவோ.

5

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு, கிள்ளான் கடையில் குடிநுழைவுத் துறை, அதாவது இமிகிரேஷன் சோதனை. மற்றவர்களிடம் காகிதம் சரியாக இருந்தது. கதிரேசன் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தார்.

அவர் ஓடவில்லை. ஓட வேண்டிய காரணம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. தான் இந்தக் கடையின் ஆள் இல்லை, இரவல்தான் வந்திருக்கிறேன், சாயங்காலம் போய்விடுவேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். எழுந்து நின்று பேசுகிற அதே பணிவோடு, நான் டிக் போட்ட அதே வாக்கியத்தை, ஒரு பிழை இல்லாமல் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிச் சொன்னதே வாக்குமூலம் ஆகிவிட்டது. அதிகாரி எழுதிக்கொண்டு, வேனில் ஏறச் சொன்னார். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள்.

கதிரேசனுக்கு ஒரு மகள். இவர் இங்கே வந்த பிறகு பிறந்தவள். போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். தையில் லீவில் போய்க் காது குத்திவிட்டு, திரும்பி வந்து இன்னும் இரண்டு வருடம் வேலை பார்ப்பதாக இருந்தது. எங்களுக்கு அந்தப் பிள்ளையின் போட்டோவை எத்தனை முறை காட்டியிருப்பார் என்று கணக்கே இல்லை.

மறுநாள் தேவராஜ் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

“டீச்சர், இவன் இங்கிலீஷ்ல சொல்லித் தொலைச்சிட்டான். பாஸ் அனுப்புனாருன்னு. நீங்க சொல்லிக் குடுத்ததாமே?”

“நான் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தேன் அண்ணே. அனுப்புனது நீங்க.”

“அது சரி, அது சரி. இப்ப கோவப்படுற நேரமா? லாயர் ஒரு வழி சொல்றாரு. கதிர் ஒரு லெட்டர்ல சைன் போட்டா போதும். லீவு நாள்ல, என்கிட்ட சொல்லாம, தானாவே போயி வேல செஞ்சேன்னு. முன்னாடி சொன்னது பயத்துல சொன்னதுன்னு. நீங்க எழுதிக் குடுங்க. நீங்க சொன்னா அவன் சைன் பண்ணுவான். எங்க யாரையும் நம்ப மாட்டேங்குறான்.”

“உங்கள ஏன் நம்பணும்?”

“டீச்சர், எனக்கும் என் மச்சானுக்கும் கேஸ் வந்தா கடைய மூடணும் லா. மிச்ச ஆறு பேரு எங்க போவாங்க? அவனுக்கும் இதுதான் நல்லது. சீக்கிரம் ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

“தப்ப அவர் தலைல வச்சு அனுப்புவாங்க. இந்த நாட்டுக்குள்ள மறுபடி வர முடியாது.”

“அதுக்கு என்ன பண்ண முடியும்?” என்றார். உண்மையிலேயே புரியாத முகம். அந்த முகத்தில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் போனதும் என் கணவர் ஆரம்பித்தார். “அடுத்த மாசம் உன் விசிட் பாஸ் ரினியூவல். இப்ப இதுல மூக்க நுழைக்காத. கதிர் நல்லவன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம குடும்பத்த மொதல்ல பாரு.”

“நம்ம குடும்பம் அண்ணன் கடைல எத்தன தோசை தின்னிருக்கும்?” என்று கேட்டேன். டிவியைப் போட்டார்.

6

மூன்றாம் நாள் மதியம் வகுப்புக்குக் குறிப்பு அச்செடுக்கலாம் என்று பிரிண்டரைத் திறந்தால், உள்ளே ஒரு தாள் கிடந்தது. மலாயில் ஒரு பக்கம். கீழே கோடு போட்டு, கதிரேசனின் முழுப் பெயர், பாஸ்போர்ட் எண். என் சொந்த விருப்பத்தின் பேரில், முதலாளிக்குத் தெரியாமல், என்று தொடங்கியது. எங்கள் வீட்டுப் பிரிண்டரில் எப்போதும் விழும் அந்தக் கறுப்புக் கோடு ஓரத்தில் ஓடியது.

எழுதியவர் என் கணவர். டைப் செய்தவள் என் மகள்.

யாழினி அறையில் இருந்தாள். தாளைக் காட்டினேன்.

“அங்கிள் கேட்டாரு மா. அப்பா சொன்னாரு, நான் டைப் பண்ணேன். ஜஸ்ட் ஒன் பேஜ் லா. வை சோ ஆங்ரி?”

“இதுல இருக்கறது உண்மையா?”

“ஐ டோன்ட் நோ. பட் அவரேதானே வேன்ல ஏறிப் போனாரு? யாரும் கட்டித் தூக்கிட்டுப் போகலயே.”

இந்த நாட்டில் பிறந்தவள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்கலாம் என்று தெரிந்தவள். முதலாளி வேனில் ஏறு என்றால் ஏறாமல் இருக்க முடியாது, ஏறாவிட்டால் அந்தப் பெர்மிட்டைப் புதுப்பிக்கவே மாட்டார் என்பதை இவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நான் தரவில்லை. இவளுக்குக் கஷ்டமே தெரியக் கூடாது என்று வளர்த்தேன். தெரியாமலேயே வளர்ந்துவிட்டாள்.

பதிவேட்டை எடுத்து வந்து அவள் மடியில் போட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கிள்ளான், கிள்ளான் என்று விரலை வைத்துப் பக்கம் பக்கமாகப் போனாள். கடைசியில், “இத்தன தடவயா?” என்றாள். பிறகு, “நீயும் தெரிஞ்சுதான் இருந்தியா மா?” என்றாள்.

ஆமாம் என்றேன். அவளிடம் கோபப்பட எனக்கு இருந்த உரிமை அந்த நிமிடத்தோடு போய்விட்டது.

7

கடிதம் எப்படியும் போய்விடும் என்று தெரிந்தது. வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு சீனப் பெண் அதை எடுத்துக்கொண்டு கதிரேசனை அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாமுக்குப் போவதாகவும், தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றும் தேவராஜ் அண்ணனே மறுபடி போன் செய்தார். வருகிறேன் என்றேன். மனம் மாறிவிட்டேன் என்று நினைத்து சந்தோஷப்பட்டார். நான் போனது வேறு காரணத்துக்கு. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கதிரேசன் முகத்துக்கு நேராகச் சொல்லப் போனேன்.

கதிரேசன் இளைத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை எடுத்ததும் முதலில் கேட்டது, “கிளாஸ் நடக்குதா டீச்சர்?”

“நடக்குது. கதிர், நான் சொல்றத நல்லாக் கேளுங்க. இந்த லெட்டர்ல, நீங்களே உங்க இஷ்டத்துக்கு, பாஸுக்குத் தெரியாம கிள்ளான் போனீங்கன்னு எழுதியிருக்கு. இது பொய். நீங்க சைன் போட வேண்டியதில்ல.”

“போடலன்னா?”

“விசாரணை நடக்கும். தேவராஜ் அண்ணனையும் அவர் மச்சானையும் கூப்பிடுவாங்க. என்கிட்ட ரிஜிஸ்டர் இருக்கு, நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். மாதக் கணக்கில் ஆகலாம் என்றாள்.

“அது வரைக்கும் நான்?”

“இங்கதான்.”

“போட்டா?”

“ரெண்டு மூணு வாரத்துல அனுப்பிடுவாங்கன்னு சொல்றாங்க. ஆனா தப்பு உங்க பேர்ல நிக்கும். திரும்பி இங்க வர முடியாது.”

கதிரேசன் கேட்டார், “இந்த லெட்டர அறந்தாங்கில யாராச்சும் படிப்பாங்களா?”

“இல்ல.”

“அப்ப சரி. குடுங்க.”

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, பிறகு எதற்குச் செய்தேன் என்று எழுதித் தர வேண்டும், இப்படியே விட்டால் நாளைக்கு அருள், அதற்கடுத்து வேறொருவர் என்று என்னென்னவோ கத்தினேன். காவலர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் என் முழங்கையைத் தொட்டாள். கதிரேசன் நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

“கோவப்பட நீங்க இருக்கீங்க டீச்சர். நல்லாக் கோவப்படுங்க. நான் வீட்டுக்குப் போகணும்.”

காவலர் தாளை உள்ளே கொண்டு போனார். கதிரேசன் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் போட நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அன்றைக்குத் தமிழில் போட்டார்.

வெளியே வந்து கார் பார்க்கில் நின்று அழுதேன். கதிரேசனுக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். நான் கொண்டு போன நியாயத்தை அவர் கேட்கவில்லை என்ற ஆத்திரம். என்னுடைய நியாயத்துக்கு அவர் மாதக் கணக்கில் உள்ளே உட்கார வேண்டுமாம். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாதம் வைப்பேனாம். அது உறைத்ததும் அழுகை நின்றது. கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

8

அன்று மாலையே தேவராஜ் அண்ணனிடமிருந்து வாட்ஸாப் வந்தது.

‘ரொம்ப நன்றி டீச்சர். நீங்க சொன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும்.’ கூடவே மூன்று கும்பிடும் கைகள். அதற்குக் கீழே இன்னொன்று. ‘அடுத்த செவ்வா மச்சான் கடைக்குக் கல்யாண ஆர்டர். அருளை அனுப்புறேன். கிளாஸ் வரலன்னு கோவிச்சுக்காதீங்க.’

இரண்டு முறை படித்தேன். ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய் இன்னும் மாதம் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடை கொடுக்கிற குரலில் இன்னொருவரை அனுப்புகிறேன் என்கிறார்.

புகார் கொடுக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். புகார் கொடுத்தால் வேன் வரும். அதில் ஏறப் போவது முதலாளிகள் இல்லை. அருளும் மற்ற ஐந்து பேரும்தான் முதலில் ஏறுவார்கள். ஆகவே நேராக அவருக்கே பதில் எழுதினேன். பேசுகிற தமிழில் எழுதினால் குழைந்துவிடுவேன் என்று பயந்து, புத்தகத் தமிழில் எழுதினேன்.

‘கதிரேசன் நான் சொல்லிக் கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். அருள் கிள்ளான் கடையில் கால் வைத்தால், சாப்பாட்டு நேரத்தில், கடை நிறைய ஆள் இருக்கும்போது நான் அங்கே வருவேன். அவரை யார் அனுப்பினார்கள், இதற்கு முன் யார் யாரை அனுப்பினார்கள் என்று என் பதிவேட்டைப் பார்த்து உரக்க வாசிப்பேன். பிறகு அருளை என்னோடு கூட்டிக்கொண்டு வருவேன். நான் இங்கே தங்கும் அனுமதியை எதிர்த்து யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.’

அனுப்புவதற்கு முன் கணவரிடம் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“அனுப்புனா அவன் இந்த வீட்டுப் படி ஏற மாட்டான்,” என்றார்.

“தெரியும்.”

“ரினியூவலுக்கு நான் சைன் போடுவேன். அத நெனச்சு நிறுத்தாத,” என்றார்.

கடிதம் எழுதிய மனிதர் அதற்கு மேல் என்ன சொல்வார். அந்தக் கடிதத்தை நான் மன்னிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போனேன். அருள் படிக்கட்டின் அடியில் நோட்டோடு நின்றிருந்தார். மற்ற ஐந்து பேரும் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

“கிள்ளான் போகலயா?”

“பாஸ் போக வேணாம்னுட்டாரு டீச்சர். ஆனா மாடி ரூம இனிமே கிளாஸுக்குத் தர மாட்டாராம். பூட்டு மாத்தியாச்சு. எண்ணெய், அரிசி எடுக்க அவரே வந்து தொறந்துக்கிறாராம்.”

மேலே பார்த்தேன். புதுப் பூட்டு, பளபளவென்று இருந்தது. ஆறு பேரையும் படிக்கட்டில் உட்காரச் சொன்னேன். குறுகலான படிக்கட்டு, படிக்கு ஒருவர்தான் உட்கார முடியும். பலகை இல்லை, அதனால் நோட்டிலேயே எழுதிக் காட்டிப் பாடம் நடத்தினேன். நாலு மணிக்குத் தேவராஜ் அண்ணன் சாவிக்கொத்தோடு கீழே வந்து நின்றார். மாலைப் பலகாரத்துக்கு எண்ணெய் டின் வேண்டும்.

“கொஞ்சம் வழி விடுங்கப்பா,” என்றார்.

அருள் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்து அடுத்த வாக்கியத்தை வாசித்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.